பழைய ஃபோர்டின் கொலம்பியா ஓவர்டிரைவ் ஆக்ஸில்: வேக்குவம் சிலிண்டர் இல்லாமல் வேகம் மாற்றுவது எப்படி?

பாளை வி8 கேட்டது:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1947ஆம் ஆண்டு ஃபோர்டு சூப்பர் டீலக்ஸ் கார் ஒன்று இருக்கிறது. கொழும்பில் கடை வைத்திருந்த என் தாத்தா ஊர் திரும்பிய பிறகு வாங்கிய வண்டி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொட்டகையை விட்டு அது வேறு கைக்குப் போனதே இல்லை. 239 கன அங்குல வி8 எஞ்சின், மூன்று கியர், 6 வோல்ட் மின்சாரம் என எல்லாம் வந்தபடியே இருக்கின்றன. பின் ஆக்ஸில் ஒன்றுதான் மாறியிருக்கிறது.

பழைய ஆக்ஸிலின் விகிதம் 3.78, அதாவது பின் சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.78 முறை சுற்றவேண்டும். நான்கு வழிச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,270 சுற்றுக்குக் குறையாமல் ஓடுகிறது என்று டயரின் சுற்றளவைக் கொண்டு கணக்கிட்டேன். அந்தச் சத்தத்தோடு மதுரை வரை போய் வருவது எஞ்சினுக்கும் நல்லதல்ல, உள்ளே இருப்பவர்களுக்கும் நல்லதல்ல. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் வழியாக அக்காலத்துக் கொலம்பியா இரட்டை வேக ஆக்ஸில் ஒன்றைத் தேடிப் பிடித்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரவழைத்து, சென்ற ஆண்டு மாட்டினேன். அதன் இரண்டாவது வேகமான ஓவர்டிரைவில் விழுந்துவிட்டால் எஞ்சின் சுற்று 28 சதவீதம் குறைந்து, அதே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 1,630 சுற்று போதுமானதாகி விடுகிறது.

என் சிக்கல் இதுதான். ஆக்ஸில் வந்து சேர்ந்தபோது, எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு வேகத்தை மாற்றும் அதன் வேக்குவம் சிலிண்டரும் டாஷ் போர்டில் இருக்கவேண்டிய கட்டுப்பாட்டு வால்வும் இல்லை. உள்ளே பல் பூட்டை நகர்த்தும் கவையான ஃபோர்க்கை அசைக்கும் அமைப்பின் வெளி முனை மட்டும் ஹவுசிங்கிற்கு வெளியே தெரிந்தது. நான் அதில் ஒரு தள்ளு-இழு கேபிளை நேராக மாட்டி, மறு முனையில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கை லீவரை வைத்தேன். நின்ற இடத்தில் வேலை செய்கிறது. ஓடும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டு லீவரை இழுத்தால் பல் உரசும் சத்தம் வருகிறது. இரண்டு முறை நாங்குநேரிக்கு இப்பால், இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நடுவில் சிக்கி, எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி தானாக உருண்டு போய் நின்றது. அதன் பிறகு நான் லீவரைத் தொடவில்லை.

மூன்று வழிகளை யோசித்திருக்கிறேன். கேபிளையே இன்னும் சரியாக அமைப்பது ஒன்று. வேறு வண்டியின் வேக்குவம் டயாஃப்ரம் ஒன்றைப் பொருத்தி, அந்தக் காலத்து முறையையே திரும்பக் கொண்டுவருவது ஒன்று. 12 வோல்ட் மின் ஆக்சுவேட்டர் ஒன்றை மாட்டி, பொத்தானால் மாற்றுவது ஒன்று. எது பொருத்தம்? உள்ளே பற்களுக்கு இதற்குள் சேதம் ஏற்பட்டிருக்குமா? ஆக்ஸிலை மறுபடி இறக்கித்தான் பார்க்கவேண்டும் என்றால் அதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன். தாத்தாவின் வண்டி என்பதால் அவசரப்பட்டு எதையும் செய்துவிடக்கூடாது என்று கேட்கிறேன்.

பேட்டை லேத் எழுதியது:

தம்பி, கேபிளில் பிழை இல்லை. கேபிளுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இருக்கவேண்டிய ஒன்று உங்கள் அமைப்பில் இல்லாமல் போயிற்று. அதைச் சொல்வதற்கு முன் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்; அது புரிந்தால் மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் உங்களால் சரியாகச் செய்யமுடியும்.

ஷாஃப்ட் சுழற்றும் பெரிய பல் சக்கரமான கிரௌன் வீலுக்கும், இரு பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் ஒரு பிளானட்டரி கியர் தொகுதி உட்கார்ந்திருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் சன் கியரை எதோடு பூட்டுகிறோம் என்பதில்தான் இரண்டு வேகமும் இருக்கின்றன. பிளானட் கியர்களைத் தாங்கும் கூட்டோடு சன் கியரைப் பூட்டினால் தொகுதி முழுவதும் ஒரே கட்டியாகச் சுற்றும். அப்போது உங்களுக்கு 3.78 கிடைக்கும். சுற்றாத ஹவுசிங்கோடு சன் கியரைப் பூட்டினால் பிளானட் கியர்கள் அதன்மேல் உருண்டு டிஃபரன்ஷியலை இன்னும் வேகமாகச் சுழற்றும், அதுதான் 2.72. இந்த இரண்டுக்கும் நடுவில், எதோடும் பூட்டாத ஓர் இடம் உண்டு. அங்கே சன் கியர் சும்மா சுற்றுமே தவிர சக்கரத்துக்கு இழுவை போகாது. நாங்குநேரியில் நீங்கள் நின்றது அந்த இடத்தில்தான்.

இந்தப் பூட்டு, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் உள்ள நவீன கியர் பாக்ஸைப் போன்றதல்ல. பல்லும் பல்லும் நேருக்கு நேர் கோத்துக்கொள்ளும் டாக் கிளட்ச் வகை. எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும் வரை அந்தப் பற்களின் பக்கவாட்டில் அத்தனை பளுவும் அழுந்தி நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. காலைத் தூக்கியதும் எஞ்சின் இழுப்பது நின்று, சக்கரம் எஞ்சினைத் தள்ளத் தொடங்கும். இழுவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் பற்கள் தளரும். அப்போதுதான் ஃபோர்க் நகர்த்தும் பல் வளையமான காலர் நழுவி வெளியே வரவேண்டும். வந்தபின், அடுத்த பக்கத்துப் பற்களின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகும் கணத்தில் அதனுள் புகவேண்டும். இந்த இரண்டு கணங்களையும் கையால் பிடிப்பது மிகக் கடினம். கேபிளில் உங்கள் கையின் பலம் அப்படியே ஃபோர்க்குக்குப் போய்விடுகிறது. பல் ஆயத்தமாக இல்லாதபோதும் நீங்கள் அழுத்துகிறீர்கள், ஆயத்தமாகும் கணத்தில் சில வேளை கை தளர்ந்திருக்கிறது. முன்னதால் உரசல் வருகிறது, பின்னதால் நடுவில் சிக்குகிறது.

ஆகவே வேண்டியது ஒரு ஸ்பிரிங் கூடு. நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். கெட்டியான குழாய் ஒன்றை எடுத்து, அதனுள் ஒரு தண்டை விட்டு, தண்டின் நடுவில் ஒரு வளையத்தை நிலையாகப் பொருத்தி, வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு சுருள் ஸ்பிரிங்கைப் போட்டு, குழாயின் இரு வாயையும் மூடிவிடவேண்டும். கேபிள் குழாயை அசைக்கும்; தண்டு ஃபோர்க்கின் வெளி முனையோடு சேரும். நீங்கள் லீவரைத் தள்ளியதும் குழாய் நகர்ந்துவிடும், ஆனால் பல் விடாத வரை தண்டு நகராது. ஸ்பிரிங் ஒன்று சுருங்கிக்கொண்டு காத்திருக்கும். பற்கள் தளர்ந்த மறுகணம் அதுவே தண்டைத் தள்ளி அடுத்த பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். லீவரைத் தள்ளிய பிறகு உங்கள் கைக்கு வேலையில்லை. மீதியைக் காலால் செய்யவேண்டும்.

ஸ்பிரிங்கின் பலத்தை ஊகித்து வாங்காதீர்கள். பின் சக்கரம் இரண்டையும் தரைக்கு மேலே தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோர்க்கின் வெளி முனையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்துப் பாருங்கள். வேறொருவர் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கொடுக்கவேண்டும். எத்தனை கிலோ இழுப்பில் நழுவுகிறதோ, அதைப்போல் இரண்டரை மடங்கு பலம் முழுச் சுருக்கத்தில் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் வைத்த பயன் போய்விடும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். மாற்றம் முடிந்த பிறகு ஸ்பிரிங் ஏறக்குறைய முழுதும் தளர்ந்துவிடவேண்டும். ஃபோர்க் நிற்கும் பொருள், சன் கியர் காலர் 3.78இல் சுற்றும் பொருள். இரண்டும் ஓயாமல் அழுந்திக்கொண்டிருந்தால் ஃபோர்க்கின் பக்கங்கள் தேய்ந்து, அந்த அரம் போட்ட தூள் எல்லாம் எண்ணெயில் கலந்து பேரிங்குக்குப் போகும். ஆகவே ஃபோர்க்கின் அசைவு முடியும் இரண்டு இடங்களையும் மிகச் சரியாக அளந்து, குழாய் அதைக் காட்டிலும் சற்றே கூடுதலாகப் போய் நிற்கும்படி ஸ்டாப்பர் போல்ட் இரண்டை வையுங்கள்.

உள்ளே சேதம் இருக்குமா என்று கேட்டீர்கள். முதலில் எண்ணெயை வடித்து, அடி பிளக்கில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். மாவு போன்ற கரும்பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துணுக்கு கிடைத்தால் ஆக்ஸிலை இறக்கத்தான் வேண்டும். கிடைக்கவில்லை என்றால், டாக் பற்களின் ஓரம் சற்று மழுங்கியிருக்கலாம். அதனால் ஓட்டத்துக்குக் கேடில்லை.

தென்காசிச் சாலை எழுதியது:

மேலே அண்ணாச்சி சொன்ன ஸ்பிரிங் கூடு புதிதன்று என்பதைச் சொல்லத்தான் வந்தேன். என் தகப்பனார் செங்கோட்டைக்கு அப்பால் மரம் ஏற்றி வந்த அமெரிக்க லாரி ஒன்றில் ஈட்டன் இரட்டை வேக ஆக்ஸில் இருந்தது. கியர் லீவரின் தலையில் பொத்தான். ஆக்ஸிலின் மேல் ஒரு சிறு மின் மோட்டார். பொத்தானை நகர்த்தினால் மோட்டார் ஓடி ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி வைத்துவிட்டு நின்றுகொள்ளும். ஓட்டுநர் காலைத் தூக்கும் வரை ஒன்றும் நடக்காது. தூக்கியதும் ஸ்பிரிங் தானே மாற்றிவிடும். சிறுவனாக நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பொத்தானைத் தட்டிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் பேசாமல் இருந்து, பிறகு காலைத் தூக்குவார். எதற்குக் காத்திருக்கிறார் என்பது நான் அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஈட்டனில் வேலை தலைகீழ்: அது பளுவுக்காக விகிதத்தைக் கூட்டும், கொலம்பியா ஓட்டத்துக்காகக் குறைக்கும். மாற்றும் முறை மட்டும் ஒன்றே. உங்கள் வண்டிக்கு அதை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஓவர்டிரைவுக்குப் போகும்போது எஞ்சின் 2,270இலிருந்து 1,630க்கு இறங்கவேண்டும். ஆகவே லீவரைத் தள்ளி, காலை முழுதும் தூக்கி, எஞ்சின் தானாக இறங்க நேரம் கொடுங்கள். கிளட்ச்சை ஒரு கணம் மிதித்து விட்டால் போதும். அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் எஞ்சினுக்கும் ஆக்ஸிலுக்கும் தொடர்பு அறுந்து, எந்த வேகத்தில் எது சுற்றுகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். முன்பு உங்களுக்கு உரசல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓவர்டிரைவிலிருந்து திரும்பும்போது எஞ்சின் 1,630இலிருந்து 2,270க்கு ஏறவேண்டும். லீவரை இழுத்தபின் காலைத் தூக்கி, பற்கள் விட்டதும் ஆக்சிலரேட்டரைச் சற்றே தொட்டுக்கொடுங்கள். பழகிவிட்டால் ஒரு சத்தமும் வராது.

இப்போது நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது ஒன்று. மலைச் சரிவில் இந்த லீவரைத் தொடவே தொடாதீர்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலையானாலும் சரி, செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறக்கமானாலும் சரி, மேலே நின்று 3.78க்கு மாற்றிவிட்டுத்தான் இறங்கவேண்டும். சரிவின் நடுவில் மாற்றப் போய், காலர் அந்தப் பூட்டாத இடத்தில் நின்றுவிட்டால், நீங்கள் முதல் கியரைப் போட்டாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. டிரம் பிரேக் ஒன்றை நம்பித்தான் அத்தனை வளைவும் இறங்கவேண்டியிருக்கும். டிரம் சூடேறினால் அதுவும் கைவிடும். எங்கள் லாரியில் அப்படி ஒரு முறை ஆயிற்று. பாறையை ஒட்டிய பக்கமாகத் தேய்த்து நிறுத்தியதால் என் தகப்பனார் தப்பினார். அதை நான் நேரில் பார்த்தவன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாளை வி8 எழுதியது:

இரண்டு அண்ணாச்சிமாருக்கும் நன்றி. கிளட்ச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுத்தது உண்மை. எண்ணெயை வடித்துப் பார்த்தேன். கரும்பசை இருந்தது, துணுக்கு இல்லை. மனம் கொஞ்சம் நிம்மதியானது.

இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. ஸ்பிரிங் இவ்வளவு முக்கியம் என்றால், அந்தக் காலத்தில் வேக்குவத்தை மட்டும் வைத்து எப்படி ஓட்டினார்கள்? இன்னொன்று: லீவர் எந்தப் பக்கம் இருந்தால் எந்த விகிதம் என்பதை வண்டியை ஓட்டாமலேயே உறுதி செய்துகொள்ள வழி உண்டா? டார்க் டியூப் மூடியிருப்பதால் ஷாஃப்ட் சுற்றுவதை எண்ண முடியவில்லை.

கல்லிடைக்குறிச்சி கார்புரேட்டர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். வேக்குவமே ஒரு ஸ்பிரிங்தான். ஒரு டயாஃப்ரத்தின் ஒரு பக்கத்தில் மேனிஃபோல்டின் உறிஞ்சலும் மறு பக்கத்தில் வெளிக்காற்றும் இருந்தால், அது ஒரே சீரான பலத்தோடு தண்டை இழுத்துக்கொண்டு நிற்கும். பல் விடவில்லை என்றால் அதுவும் நகராமல் காத்திருக்கும், விட்டதும் இழுத்துவிடும். இதில் இன்னோர் அழகு உண்டு. மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிகுவது காலைத் தூக்கும்போது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் அது ஏறக்குறைய இல்லாமலே போகும். பல் தளரும் கணமும் உறிஞ்சல் மிகும் கணமும் ஒன்றாகவே வருகின்றன. இதைக் கண்டு அமைத்தவர்களின் அறிவை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் இரண்டாவது வழியும் நல்ல வழியே. அதை எடுப்பதாக இருந்தால் பிரேக் பூஸ்டரை மாட்டிவிடாதீர்கள். பலரும் அந்தப் பிழையைச் செய்கிறார்கள். ஏழு அங்குல டயாஃப்ரத்தின் பரப்பு ஏறக்குறைய 248 சதுர சென்டிமீட்டர். அதில் பாதி வளிமண்டல உறிஞ்சல் இருந்தாலே 120 கிலோவுக்கு மேல் இழுக்கும், ஃபோர்க் வளைந்துவிடும். மூன்று அங்குல டயாஃப்ரம் போதும்: அதன் பரப்பு 45 சதுர சென்டிமீட்டர், இழுப்பு 22 கிலோ அளவில் வரும். ஒருவழி வால்வு ஒன்றும், நான்கைந்து லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றும் வேண்டும். உங்கள் ஃபோர்டில் வைப்பரும் வேக்குவத்தில்தான் ஓடுகிறது; இரண்டுக்கும் ஒரே குழாயில் எடுத்தால் குற்றாலத்துச் சாரலில் வைப்பர் நொண்டும். ஆகவே தொட்டிக்கு மேனிஃபோல்டிலிருந்து தனிக் குழாய் எடுங்கள். எங்கேனும் காற்றுக் கசிந்தால் எஞ்சினின் ஐடிலிங்கும் கெடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின் ஆக்சுவேட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் கருத்தில் அது மூன்றிலும் கடைசி. உங்கள் வண்டி 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது. 12 வோல்ட் ஆக்சுவேட்டரை 6 வோல்ட்டில் ஓட்டினால் வேகமும் பலமும் சரிபாதிக்கு இறங்கும். தனி 12 வோல்ட் பேட்டரி வைத்தால் அதன் இரண்டு வயரையும் பாடியில் தொடாமல் கொண்டுபோகவேண்டும், தனியாக சார்ஜ் செய்யவேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஆக்சுவேட்டரின் திருகு விட்டுக்கொடுக்காது. லேத் அண்ணாச்சி சொன்ன ஸ்பிரிங் கூடு அதற்கும் வேண்டும். அப்படியானால் கேபிளே எளிது.

பேட்டை லேத் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு விடை. முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றது தரையிலேயே இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, டாப் கியரைப் போட்டு, எஞ்சினை முன்பக்கத்திலிருந்து கையால் சுற்றுங்கள். டாப் கியரில் எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் ஷாஃப்ட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. ஒரு சக்கரம் நிற்பதால் மற்றது இரு மடங்கு சுற்றும். எஞ்சினை 38 முறை சுற்றினால் சக்கரம் 20 முறை சுற்றவேண்டும், அது 3.78. சக்கரம் 28 முறை சுற்றினால் ஓவர்டிரைவ். சக்கரம் அசையவே இல்லை என்றால் நடுவில் நிற்கிறது. சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு இருவராகச் செய்யுங்கள். அந்தந்த நிலையில் லீவரின் பக்கத்தில் குறி போட்டுவிடுங்கள்.

வள்ளியூர் எழுதியது:

ஒரு சட்டத் தகவல். 2021ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘விஏ’ என்று வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆக்ஸில் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், கேபிளுக்காகச் சேசிஸில் புதிய துளை போடாமல், இருக்கும் போல்ட்டுகளிலேயே கிளாம்ப் வைத்துக் கொண்டுபோவது நல்லது. பழைய ஆக்ஸிலையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருங்கள். என்றேனும் மாற்றி வைக்கவேண்டி வந்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

ஸ்பீடோமீட்டரையும் கவனியுங்கள். உங்கள் வண்டியில் அதன் கேபிள் ஆக்ஸிலுக்கு முன்னால், ஷாஃப்ட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே ஓவர்டிரைவில் அது குறைத்துக் காட்டும்: நீங்கள் 50 மைல் வேகத்தில் போகும்போது 36 மைல் என்றுதான் சொல்லும். அந்தக் காலத்தில் இதைச் சரிசெய்யக் கொலம்பியாவோடு ஓர் இணைப்புக் கருவியும் தந்தார்கள். அது கிடைக்கும் வரை கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு அட்டவணை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். காவல்கிணறு தாண்டியபின் சாலையின் நேர்மையில் வேகம் ஏறுவதே தெரியாது.

பாளை வி8 எழுதியது (ஏழு வாரம் கழித்து):

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வேலை முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கேபிளோடு ஸ்பிரிங் கூட்டையே தேர்ந்தேன். வேக்குவம் முறையின் அழகு மனத்தை இழுத்தது உண்மைதான். ஆனால் லீவர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது, சரிவில் இறங்கும் முன் எனக்குத் தெம்பைத் தருகிறது. ஸ்பிரிங் தராசில் வெளி முனை 7 கிலோ இழுப்பில் நழுவியது. ஆகவே முழுச் சுருக்கத்தில் 18 கிலோ வரும்படி இரண்டு ஸ்பிரிங் எடுத்து, தச்சநல்லூரில் ஒரு லேத்தில் குழாயைக் கடைந்தோம். முதல் முறை செய்ததில் ஒரு பிழை நேர்ந்தது: குழாயின் அசைவை ஃபோர்க்கின் அசைவுக்கு ஈடாக மட்டும் வைத்துவிட்டேன். காலர் பாதியிலேயே வந்து, கடைசிப் பகுதிக்கு ஸ்பிரிங்கில் பலம் மிச்சமில்லாமல் நின்றது. கொட்டகையில், சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டதால் சாலையில் சிக்கவில்லை. கை லீவரின் நீளத்தை மாற்றி, குழாய் இரு முனையிலும் இன்னும் கொஞ்சம் போகும்படி செய்தபின், 38 சுற்றுக்கு 20, 38 சுற்றுக்கு 28 என்று இரண்டும் கச்சிதமாக வந்தன.

கேபிள் போகும் வழியில் சைலன்சர் குழாய்க்கு மிக அருகில் ஓரிடம் இருந்தது. முதல் நாள் ஓட்டத்திலேயே உறை இளகத் தொடங்கிவிட்டது. இப்போது அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பி, தகடு ஒன்றையும் மறைப்பாக வைத்திருக்கிறேன். இதைச் செய்ய நினைக்கும் மற்றவர்கள் கேபிள் வாங்கும் முன்னரே ஒரு கயிற்றை விட்டு வழியை அளந்துகொள்வது நல்லது. நான் நீளம் போதாமல் இரண்டாவது கேபிள் வாங்கவேண்டியதாயிற்று.

கே.டி.சி. நகரில் நான்கு வழிச்சாலையில் ஏறி, 70 கிலோமீட்டர் வந்ததும் லீவரைத் தள்ளி, ஒரு மூச்சு பொறுத்து, காலைத் தூக்கி, கிளட்ச்சைத் தொட்டு விட்டேன். மெல்லிய ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டது. எஞ்சின் சத்தம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. பின் இருக்கையில் இருந்த என் அம்மா, வண்டி நின்றுவிட்டதா என்று கேட்டார். அதுவரை அந்த வண்டியில் நாங்கள் சத்தம் போட்டுத்தான் பேசிப் பழகியிருக்கிறோம்.

ஓவர்டிரைவை எங்கே போடக்கூடாது என்பதையும் தெரிந்துகொண்டேன். 60 கிலோமீட்டருக்குக் கீழே எஞ்சின் திணறுகிறது. அந்த வேகத்தில் அது 1,220 சுற்றுக்கு இறங்கிவிடுவதால் இழுவை போதவில்லை. காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஆடிக் காற்று எதிர்த்து அடித்தபோது, 80 கிலோமீட்டரிலும் ஓவர்டிரைவில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முப்பந்தல் காற்றாலைகளின் நடுவே 3.78க்குத் திரும்பிவிட்டேன். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் அடித்ததால் வள்ளியூர் வரை ஓவர்டிரைவிலேயே வந்தேன்.

இதுவரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எண்ணெயை மறுபடி வடித்துப் பார்த்தேன், காந்தத்தில் துணுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஃபோர்க்கின் வெளி முனை ஹவுசிங்கை விட்டு வரும் இடத்தில் மட்டும் சற்று எண்ணெய் கசிகிறது. பழைய சீலை எடுத்துவிட்டு, அதே அளவில் புதிய ரப்பர் சீல் போடலாமா, அல்லது அந்த இடம் தேய்ந்திருக்கும் என்பதால் முதலில் புஷ் (தேய்ந்த துளைக்குள் செலுத்தும் உலோக வளையம்) அடிக்கவேண்டுமா என்று லேத் அண்ணாச்சி சொன்னால் நல்லது.

பேட்டை லேத் எழுதியது:

முதலில் முனையைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தம்பி. ஆட்டம் கைக்குத் தட்டுப்பட்டால் புஷ் அடித்த பிறகுதான் சீல். இல்லாவிட்டால் புதிய சீலும் ஒரு மாதத்தில் கசியும். ஆட்டம் இல்லை என்றால் சீல் மட்டும் போதும். போடும் முன் முனையில் துருப்பிடித்த பள்ளம் இருந்தால் மெல்லிய எமரி தாளால் வழித்து, சீலின் உதட்டில் கிரீஸ் தடவிச் செலுத்துங்கள். ஆக்ஸிலின் மேலே இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் எண்ணெய் இந்த வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும்; சீலைக் கழற்றும் முன் அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டுச் சுத்தம் செய்து, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.